பத்து நிமிஷம் மூத்தவள்

நமது கலைக்கூடத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம்மோடு இருந்த ஏறாவூர்ப் பிள்ளை மூன்று தரம் போன் எடுத்துவிட்டாள். பிள்ளை என்று பழக்கத்தில் சொல்கிறேன். அவளுடைய மூத்த மகளே இப்போது அவளைவிட உயரம். நமக்கெல்லாம் தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயது வந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் அந்த லீவு வகுப்பில் ஒன்றாகப் பாய் விரித்துப் படுத்தவர்கள் எனக்கு இன்னும் பிள்ளைகள்தான். எழுதுகிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று நமக்குக் கூத்துப் பழக்கிய சேர் எழுதிவைத்த கலைக்கூட வரலாற்றையும் தட்டச்சுச் செய்து அனுப்பியிருந்தாள். ஒன்பது பக்கம். அதில் இரண்டாம் பக்கத்தில் நிற்கிறேன். மூன்று கிழமையாகத் தாண்ட முடியவில்லை.

"நமது முதலாவது விடுமுறை முகாமில், ஆழிப்பேரலையில் தந்தையை இழந்து பேச்சையும் இழந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கூத்தின் நடுவே வாய் திறந்து பாடினான். அன்று அழாதவர் எவருமில்லை."

அழாத ஒருவர் இருந்தார். எங்கள் அம்மா. நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள், விசில் அடித்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிறுவன் பேச்சை இழக்கவில்லை. அவனுக்குப் பன்னிரண்டு வயதும் இல்லை, பதினைந்து. நீங்கள் எங்களை ரெட்டை என்று கூப்பிட்டீர்கள். நாங்கள் ரெட்டையும் இல்லை. அம்மா கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது, இனி எழுதலாம் என்று நினைக்கிறேன். வாசித்துவிட்டு யாரும் எங்கள் பதிவு பொய் என்று அரசாங்கக் கச்சேரிக்கு மனுப் போட ஓடிவிடாதீர்கள்.

நாங்கள் எப்படி ரெட்டை ஆனோம் என்பதை முதலில் சொல்கிறேன். அவன் பிறந்தது சண்டைக்குப் பயந்து ஓடிய ஓட்டத்தில். ஊரே காட்டுக்குள் ஒளிந்திருந்த காலத்தில் பிறப்பைப் பதிய யார் போவார்கள்? மூன்று வருஷம் கழித்து நான் பிறந்தபோதும் வழியெல்லாம் சோதனைச் சாவடி. "பள்ளிக்குடத்தில சேக்கக்குள்ள பாப்பம்" என்று அப்பா விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு கடிதத்தை வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொண்டார்கள். பிறகு கடல் வந்தது. அப்பா அன்று காலை கரைவலை இழுக்கப் போனவர். வீடு போனது, பள்ளிக்கூடம் போனது, பிள்ளைகளின் பேர் எழுதிய அதன் இடாப்புகளும் போயின. எங்கள் வயதைச் சொல்ல அம்மாவின் வாயைத் தவிர வேறு சாட்சி மிஞ்சவில்லை.

சில மாதம் போக, வீடிழந்த எங்களுக்குக் கட்டித் தந்த தறப்பாள் கொட்டில்களுக்கு நடுவே மேசை போட்டு, பத்திரம் தொலைந்தவர்களுக்கும் பதியாதவர்களுக்கும் பதிந்து கொடுத்தார்கள். அந்த நாட்களில் பதினாலு பதினைந்து வயதுப் பையன்களைச் சண்டைக்குக் கொண்டுபோனார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யார் என்று எழுத மாட்டேன். ஒரு பகுதியார் மட்டும் என்றால் அம்மாக்களுக்கு அவ்வளவு பயம் வந்திராது. அம்மாவும் வரிசையில் நின்றார். மேசையடிக்குப் போனதும் எங்கள் இரண்டு பேர் தலையிலும் கையை வைத்தார்.

"ரெண்டும் ஒண்டாப் பொறந்தது ஐயா. பன்ரெண்டு வயசு."

எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வயதுக்கு மீறி வளர்ந்தவள், அவன் எலும்பும் தோலும். தோளும் தோளும் சரியாக நின்றன. எழுதிவிட்டார். எங்களைத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் கடலோடு போயிருந்தார்கள். மீதிப்பேர் அதே வரிசையில் நின்று தங்கள் பிள்ளைகளுக்கும் வயதைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். காட்டிக்கொடுக்க ஆளில்லை.

கொட்டிலுக்குள் வந்ததும் அம்மா என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினார். "இனி அண்ணா எண்டு கூப்பிடப்படாது. கேட்டியா? பேரச் சொல்லிக் கூப்பிடு. வாய் தவறியும் வரப்படாது."

எனக்குக் கொண்டாட்டம். "அப்ப ஆரும்மா மூத்தது?"

"ஆராவது இரிங்க."

"நான்தான் மூத்தது. பத்து நிமிஷம்."

அவன் என் உச்சியில் ஒரு குட்டு வைத்தான். அதுதான் அவன் அண்ணனாக எனக்கு வைத்த கடைசிக் குட்டு.

பத்திரத்தில் வயதைக் குறைத்தாகிவிட்டது, குரலை என்ன செய்வது? அந்தத் தையோடு அவனுக்குத் தொண்டை உடைந்திருந்தது. ஒரு சொல் தவளைபோல வரும், அடுத்த சொல் அப்பாவைப்போல வரும். கொட்டிலுக்குப் பின்னால் அவன் யாரையோ கூப்பிட்ட சத்தத்தைக் கேட்டு அம்மா அரிசி களைந்த சட்டியோடு வெளியே ஓடி வந்ததும், அவனைக் கண்டு அப்படியே மணலில் குந்திவிட்டதும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "மனே, கனக்கக் கதைக்காத. ஆக்கள் கேட்டா ஓம், இல்ல எண்டு தலையாட்டு" என்று மட்டும் சொன்னார்.

ஓகஸ்ட் லீவு வந்தது. லீவு என்றால் பையன்கள் சும்மா திரிவார்கள், திரிந்தால் கண்ணில் படுவார்கள். அப்போதுதான் வாவிக்கரையில் பழைய நெல் ஸ்டோரில் சேர் தொடங்கிய கலைக்கூடத்தைப் பற்றிக் கதை வந்தது. மூன்று கிழமை அங்கேயே தங்கல், சாப்பாடு, சுற்றிவர மதில், வாசலில் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் வெள்ளை வாகனம். சேர் முதலில் எழுதிய போர்டு உங்களுக்கு நினைவிருக்கிறதா? "சிறுவர் கோடைப் பாசறை." பாசறை என்ற சொல்லைப் பார்த்த தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அடுத்த நாள் "முகாம்" என்று மாற்றினார். முகாம் என்றால் இன்னொரு பயம். கடைசியில் "லீவுக் கலை வகுப்பு" என்று எழுதிய பிறகுதான் ஆள் சேர்ந்தது. வரலாற்றில் மட்டும் முகாம் என்று துணிவாக எழுதியிருக்கிறார்.

ஆடி அமாவாசைக்கு அமிர்தகழியில் அப்பாவுக்குத் தீர்த்தமாடிவிட்டு, ஈரத் துணி காயும் முன்னே அம்மா எங்களை அங்கே கொண்டுபோய் விட்டார். என் பைக்குள் கடதாசியில் சுற்றிய கஸ்தூரி மஞ்சள் துண்டு ஒன்று. ஒவ்வொரு காலையும் அதை உரசி அவனுடைய மேலுதட்டில் பூச வைக்க வேண்டியது என் பொறுப்பு. மீசை அரும்பக் கூடாது.

பதிவு மேசையில் சேரும், அவருக்குப் பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த ஆலோசனை அக்காவும் இருந்தார்கள். கடலடிபட்ட பிள்ளைகளின் மனதைத் தேற்ற வந்தவர் அந்த அக்கா. நல்ல மனுசி. பேனையைத் திறந்துகொண்டு கேட்டார்.

"உங்கட பேர் என்ன தம்பி?"

அவன் என்னைப் பார்த்தான். எந்தக் குரல் வரும் என்று அவனுக்கே தெரியாது.

"கதைக்க மாட்டாரா?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன்.

"கடலுக்குப் பிறகா?" மறுபடியும் தலையாட்டினேன்.

அம்மா சொல்லித் தந்ததில் அது இல்லை. அந்த இரண்டு தலையாட்டலும் என்னுடையவை. அக்காவின் கண் கலங்கிவிட்டது. கொப்பியில் நீளமாக ஏதோ எழுதினார். சேர் எழும்பி வந்து அவன் தோளில் கையைப் போட்டார். "பயப்படாத மகன். இஞ்சயிருந்து போகக்குள்ள ஒன்னப் பேச வெச்சித்தான் அனுப்புவன்."

ஒளிக்க வந்த இடத்தில், நாற்பது பேரும் சேர்ந்து கண்டுபிடிக்கப்போகிறோம் என்று எங்களுக்கு வாக்குக் கொடுத்ததுபோல இருந்தது.

அதிலிருந்து மூன்று கிழமை நான் நிம்மதியாக ஒரு வாய் பிட்டு விழுங்கவில்லை. நீங்கள் அவனில் காட்டிய அன்புதான் எங்களுக்குக் கண்டம். ஆலோசனை அக்கா பலூன் ஊதச் சொன்னார், மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கச் சொன்னார். சமையலுக்கு வந்த மாமி குழந்தைக்குச் செய்வதுபோல வசம்பைச் சுட்டு உரசி அவன் நாக்கில் தடவினார். வெல்லாவெளிப் பொடியா, நீ இதை வாசிப்பாய் என்று நினைக்கிறேன். கடதாசிப் பையை ஊதி அவன் காதுக்குப் பின்னால் வெடித்தாயே, பயத்தில் "ஐயோ" என்பான் என்று. அவன் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

ஒரு நாள் யாரோ வாளிக்குள் விழுந்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றுக்குள்ளிருந்து வந்த பெரிய ஆளின் சிரிப்பு. நான் உடனே இருமத் தொடங்கினேன். இருமி இருமி வாந்தி எடுத்தேன். என்னைப் படுக்க வைத்துக் கொத்தமல்லித் தண்ணி தந்தார்கள்.

குளிக்கப் போகிற நேரம் மட்டும் எங்களுடையது. வாவிக்கரையில் கண்ணா மரங்களின் வேர் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் இடத்தில், சேற்று நாற்றத்துக்குள் குந்தியிருந்து கதைப்போம். அவன் கதைப்பான், நான் கரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"வாய்க்குள்ள புழு நெளியிற மாதிரி இரிக்கி. ஒரு சொல்லு கத்தோணும் போல."

"இன்னும் ஒம்பது நாள்தான்."

"ஒனக்கென்ன. ராசாத்தி மாதிரிக் கதைச்சிக்கொண்டு திரியிறாய்."

படம் கீறும் வகுப்பில் அவன் வட்டம் வட்டமாகக் கீறினான். தாள் முழுக்கக் கறுப்பு வட்டங்கள். ஆலோசனை அக்கா அதை உயர்த்திப் பிடித்து, கடலின் சுழி இந்தப் பிள்ளையின் மனதில் இன்னும் சுழல்கிறது என்று சேரிடம் சொன்னார். சேர் தலையைக் குனிந்துகொண்டார். அவை மோட்டார்சைக்கிள் சில்லுகள். பையன்களைத் தேடி எங்கள் கொட்டில்களைச் சுற்றிப் பின்னேரங்களில் திரிந்தவை. அக்கா அந்தத் தாளைக் கொழும்புக்குக் கொண்டுபோனார். இன்றைக்கும் எங்காவது சுவரில் சுழியாகத் தொங்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்மார் பார்க்க வருவார்கள். அம்மா வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இவன் கதைச்சானா?" ஆலோசனை அக்கா அம்மாவின் கையைப் பிடித்து, "அழாதீங்கம்மா, கெதியில கதைப்பார், முன்னேற்றம் தெரியுது" என்பார். அம்மா இன்னும் பலமாக அழுவார்.

இனி கூத்துக்கு வருகிறேன். வாவியில் மீன் பாடும் என்று பேர்பெற்ற மட்டக்களப்பில் எந்த நாடகம் போட்டாலும் அதில் ஒரு மீன் பாடியே ஆக வேண்டும். சேரும் மீன் ராசா கதை ஒன்றை எழுதியிருந்தார். ரெட்டைப் பிள்ளைகள் கிடைத்ததும் அதைத் திருத்தினார். ஆழத்துக்குப் போன மீன் ராசாவைத் தேடி மகன் வருகிறான். மகனுக்கு வாய் பேச வராது. ஆற்றுக்கால்களும் காற்றும் அவனுக்காகப் பாடுகின்றன. மகன் அவன், குரல் நான். கூத்தில் ஆடுகிறவர் ஒரு வரி பாட, பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே அவன் ஆட, நான் மத்தளத்துக்குப் பின்னால் இருந்து வரியைப் பாடுவேன். எனக்குப் பிறகு பிற்பாட்டு. நான் பாடாவிட்டால் அவர்களுக்குத் திருப்பிப் பாட ஒன்றும் இல்லை.

அவன் ஆடத் தொடங்கியதும் எல்லாம் மாறிவிட்டது. சதங்கையைக் கட்டினால் அவன் வேறு ஆள். மத்தளம் கேட்கும் முன்னே அவன் கால் கேட்கும். வாய் திறக்க முடியாத எல்லாவற்றையும் காலில் சொன்னான் போலிருக்கிறது. சேர் அவனுக்கென்றே நிவாரணப் பால்மா டின்னை வெட்டி முடி ஒன்று செய்தார். வெளியே தங்கக் கடதாசியும் மணியும். உள்ளே "விற்பனைக்கல்ல" என்று ஆங்கிலத்தில் அச்சடித்தது அப்படியே இருந்தது. அந்த முடியைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் திரும்பும்போது நீங்கள் வாயைப் பிளந்து பார்த்தீர்கள்.

எனக்கு முதலில் பெருமை. பிறகு அது மெல்லப் புளித்தது. பார்க்க வந்த பெரியவர்கள் எல்லாரும் அவனைத்தான் தடவினார்கள். "வாய் பேசாத பிள்ளை என்னமா ஆடுறான் பாருங்ககா" என்று தாய்மார் மூக்கைச் சிந்தினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு அம்மையார் அவனுக்கு இருபத்துநாலு நிறக் கட்டிகள் கொண்ட பெட்டி கொடுத்தார். படம் எடுத்தபோது என்னைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொன்னார்கள். அவனுக்காகப் பாடுவதும் நான், இருமுவதும் நான், மஞ்சள் உரசுவதும் நான். எனக்கு ஒரு பென்சிலும் இல்லை. அவன் பெட்டியில் பாதியை எனக்குத் தந்தான் என்பதையும் எழுதிவிட வேண்டும். நான்தான் வாங்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை அரங்கேற்றம். விடிய விடிய ஆட வேண்டிய கூத்தைப் பின்னேரம் நாலு மணிக்கு ஆடினோம், பொழுது சாயும் முன் சனம் வீடு போய்ச் சேர வேண்டும் என்று. வெயில் முகத்தில் அடித்தது. அரிதாரம் வழிந்தது. அம்மா முன்வரிசையில் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு இருந்தார். மதில் வாசலடியில் சனத்துக்குப் பின்னால் இரண்டு பேர் மோட்டார்சைக்கிளில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சில்லறைச் சிரிப்போடு தாளம் போட்டான். நான் அவர்களைக் கண்டேன். அம்மாவும் கண்டார்.

எல்லாம் நன்றாகப் போனது. கடைசிப் பாட்டு. மகன் ஆழத்தைப் பார்த்து அழ வேண்டிய இடம். சேர் கடல் கொண்டுபோன எல்லா அப்பாமாருக்குமாக எழுதிய இரண்டு வரிகள்.

"ஆழம் போன அப்பரே – எம்மை
ஆரிடம் விட்டுப் போனீரோ?"

முதல் வரியைப் பாடினேன். பிற்பாட்டு திருப்பிப் பாடியது. சனம் அழத் தொடங்கிவிட்டது. எல்லாரும் அவனைப் பார்த்து அழுதார்கள். ஆலோசனை அக்கா அவனைப் பார்த்தபடி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்திருந்தார். ஒருவராவது மத்தளத்துக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் வரியை நான் பாடவில்லை.

ஒரு வரிதான். ஒரு தட்டு இடைவெளி விட்டால் பாட்டு எங்கே என்று எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள், அதற்குப் பிறகு பாடலாம் என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதுப் புத்தி அவ்வளவுதான். மத்தளம் தனியே ஓடியது. சேர் அடித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். பிற்பாட்டுப் பிள்ளைகள் முழித்தார்கள். அவன் ஆடியபடியே என் பக்கம் திரும்பினான். கண் இரண்டும் என்னைத் தேடின. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தேன்.

அவன் பாடினான்.

ஆரிடம் விட்டுப் போனீரோ என்று முழுத் தொண்டையையும் திறந்து பாடினான். மூன்று கிழமை அடைத்து வைத்த குரல். உடையவில்லை, தவளை இல்லை. அப்பாவின் குரல் அப்படியே வந்து மதிலில் மோதியது.

பிறகு நடந்ததை வரலாறு சரியாகத்தான் எழுதியிருக்கிறது. சேர் மத்தளத்தை எறிந்துவிட்டு ஓடிப் போய் அவனைத் தூக்கினார். தின்னாத உடம்பு, தூக்கப் பாரமில்லை. ஆலோசனை அக்கா மண்ணில் முழங்காலில் இருந்தார். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். "பேசிட்டான்! பிள்ளை பேசிட்டான்!" என்று நீங்கள் துள்ளினீர்கள். டின் முடி யாருடைய காலுக்குள்ளோ நசிந்து கிடந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாசலைப் பார்த்தார். மோட்டார்சைக்கிளில் தாளம் போட்டவன் கையை நிறுத்தியிருந்தான். தலையைச் சற்றுச் சரித்து, கவனமாகக் கேட்கிற ஆளின் முகம் அவனுக்கு.

அன்றைக்கே அம்மா எங்களைக் கூட்டிப் போய்விட்டார். வழி முழுக்க அவனைத்தான் ஏசினார். "கொஞ்ச நேரம் வாய மூடிக்கொண்டு இரிக்க ஏலாமப் போச்சா ஒனக்கு? நான் ஒன்ன எங்க கொண்டு போய் ஒளிப்பன் மனே?" அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான், "தங்கச்சிக்கு மூச்சு முட்டிட்டும்மா. பாட்டு விழுந்திரும் எண்டுதான்." அம்மா என்னை அணைத்துக்கொண்டார். நெஞ்சைத் தடவி விட்டார். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டே நடந்தேன்.

இரண்டு கிழமை கழியவில்லை. தேங்காயெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனவன் வரவில்லை. போத்தல் மட்டும் ஒழுங்கை மணலில் உடையாமல் கிடந்தது. அடுத்த நாள் சேர் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் கொட்டிலுக்கு வந்தார். "எங்க எண்ட பாட்டுக்காரன்?" என்று வெளியிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தவர் அம்மாவின் முகத்தைக் கண்டதும் நின்றுவிட்டார். பத்திரிகையைப் பாயில் வைத்துவிட்டுப் போனார். வரலாற்றில் அந்தப் பக்கம் இல்லை. அவரால் எழுத முடிந்திருக்காது.

அம்மா பத்திரத்தையும் என்னையும் தூக்கிக்கொண்டு வாவிக்கு அக்கரையில் ஒரு இடத்துக்குப் போனார். வேப்பமரத்தடியில், பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வந்த தாய்மார் வரிசையாக இருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது அம்மா என்னை முன்னுக்குத் தள்ளினார். "பாருங்க தம்பி, இது அவனோட ஒண்டாப் பொறந்தது. பன்ரெண்டு வயசு. பச்சப் புள்ள." அங்கே இருந்தவர் பத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"அது பன்ரெண்டு வயசுக் குரலா அம்மா?"

அந்தக் கேள்வியோடு நான் நாலு வருஷம் படுத்து எழும்பினேன். சண்டை அக்கரைக்கு வந்தது. பிறகு வடக்கே போனது. அவனும் அதோடு போனான் என்று கேள்விப்பட்டோம். கடைசி மாதங்களில் அம்மா ரேடியோவைத் திறக்கவே மாட்டார், பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். என்னோடு படித்தவர்கள் "நீ ஏன் பாடுறதில்ல, முந்திப் பாடுவியே" என்று கேட்பார்கள். தொண்டை சரியில்லை என்பேன்.

சண்டை முடிந்து சில மாதத்தில் கடிதம் வந்தது. உயிரோடு இருக்கிறான். தெற்கே ஒரு இடத்தில், சரணடைந்தவர்களில் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் வயதில் சந்தேகம் என்று எழுதியிருந்தது. பிள்ளை என்று ஒப்புக்கொண்டால் படிப்பித்து வீட்டுக்கு விடுவார்கள். இல்லையென்றால் பெரியவர்களின் இடத்துக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. சான்றுகளோடு குடும்பத்தார் வர வேண்டும்.

பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவனைக் கூட்டி வந்தார்கள். மொட்டைத் தலை. சட்டைக்குள் ஆளே இல்லை. உண்மையில் பத்தொன்பது, பசியும் பங்கரும் தின்றதில் எந்த வயதென்றும் சொல்ல முடியாத உருவம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார், பக்கத்தில் ஒரு பெண் தமிழில் சொன்னார். அம்மா பத்திரத்தை வைத்தார். பிறகு பொலித்தீன் பையைப் பிரித்து, சேர் விட்டுப் போன பத்திரிகைத் துண்டை வைத்தார். டின் முடியோடு அவன், கீழே கொட்டை எழுத்தில் "பேச்சை இழந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் பாடினான்." அதிகாரி அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். கலைக்கூடத்தின் அற்புதம் உண்மையில் வேலை செய்தது அந்த மேசையில்தான். ஆனாலும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் இரண்டு பேரையும் தோளோடு தோள் நிற்கச் சொன்னார்.

அவனுடைய தோள் எலும்பு என் தோளில் குத்தியது. அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் இரட்டைப் பிள்ளைகள் என்கிறது உண்மையா?"

எனக்கு மத்தளம் தனியே ஓடுவது கேட்டது. அவன் என் பக்கம் திரும்பினான், அன்றைக்குத் திரும்பியதுபோலவே.

"ஓம்" என்றேன். இவ்வளவு பெரிய குரல் எனக்கு இருந்தது எனக்கே தெரியாது. "நாங்க ரெட்டைதான். நான் பத்து நிமிஷம் மூத்தது."

அவன் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பை விழுங்குகிறான் என்று எனக்குத் தெரிந்தது. அதிகாரி கையெழுத்து வைத்தார்.

இப்போது அவன் வெளிநாட்டில் லொறி ஓட்டுகிறான். பிறந்தநாள் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வருகிறது, போன் எடுத்து, "என்னகா மூத்தவ, சுகமா?" என்பான். அந்த நாலு வருஷத்தைப் பற்றி அவன் சொல்வதில்லை. கூத்தைப் பற்றி நான் கேட்பதில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிவிட்டதால், கூப்பிட வேண்டிய மாதிரி அவனைக் கூப்பிட எனக்கு வாய் வருவதே இல்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தபோது என் பிள்ளைகளிடம் அவன் பழைய கதை சொன்னான். மாமா பாடியது ஏன் என்று என் மகள் கேட்டாள். "ஒங்கட அம்மாக்கு மூச்சு முட்டிட்டு மகள்" என்றான்.

இந்த மலர் அவனுக்கும் தபாலில் போகும். ஏறாவூர்ப் பிள்ளை விலாசம் வாங்கிவிட்டாள். நீங்கள் வரலாற்றின் இரண்டாம் பக்கத்தைத் திருத்துவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் எழுத வேண்டியது ஒரு வரிதான். அதற்குத்தான் இவ்வளவும்.

அண்ணா, அன்றைக்கு எனக்கு மூச்சு முட்டவில்லை.